குடைத் தலையனும் மாக்ரெட்டின் தலையிடியும்

முதலில் தலையைப் பிடிப்பார், கத்தரிக்கோல் பிறகுதான். கதிரையில் வந்து அமர்ந்தவரின் நெற்றிப்பொட்டில், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் கிளெமென்ற். வாங்கில் காத்திருப்பவர்கள் பேப்பரை மடித்துவிட்டுப் பார்ப்பார்கள்.

"தாஸிம் நானா, காலம்பற வீட்ட பெரியவளோட வாய்த்தர்க்கம். சாப்பிடாம வந்திட்டீங்க."

"யாரு சொன்ன ஒங்களுக்கு?"

"உங்கட மண்டைதான் சொல்லுது."

தாஸிமுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வெள்ளவத்தையில்; வீடு பக்கத்து ஒழுங்கையில்தான். மகளின் சத்தம் சலூன் வாசல் வரை கேட்டிருந்தது. அவருடைய வயிறு கத்தியது வாங்கின் கடைசியில் இருந்தவருக்கும் கேட்டது. ஆனாலும் எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். தெரிந்த விஷயம்தான், கிளெமென்ற் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது அதற்கு ஒரு ருசி வந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் அந்தச் சலூனைத் தெரியாதவர் குறைவு. ஒரே ஒரு கதிரை. சுவரில் அந்தோனியார் படம். அதற்கு ஒரு முழம் தள்ளி, கண்ணாடிச் சட்டத்துக்குள், பெரிய குடைக்காளான் போலத் தலை புடைத்த ஒரு மனிதனின் படம். புருவம் இரண்டையும் நெருக்கி, இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்து, எதிரே நிற்கிறவனை உறுத்துப் பார்க்கிறான். எதிரே நிற்கிறவனோ மலை போன்ற உடம்பும் தோளில் சிவப்புத் துணியுமாய் முழங்காலில் விழுந்து கிடக்கிறான். அது ஒரு படக்கதைப் புத்தகத்தின் அட்டை. புத்தகம் கிழிந்துபோனதால் அட்டையை மட்டும் சட்டம் போட்டிருக்கிறார்.

மற்றப் புத்தகங்கள் கிழியவில்லை. நான்கு பெரிய பிஸ்கட் தகரங்களில், ஒவ்வொன்றும் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பைக்குள், பூச்சி உருண்டையோடு, புடவைக்கடைச் சேலை மாதிரி மடிப்புக் குலையாமல் இருக்கின்றன. முதல் புத்தகம் அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு கப்பல்காரன் விட்டுப்போனது. மீதியெல்லாம் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் முப்பத்தைந்து வருடமாகப் பொறுக்கியவை. எல்லாப் படக்கதையையும் அவர் எடுப்பதில்லை. பறக்கிறவன், கட்டடத்தைத் தூக்குகிறவன் கதைகளைப் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார். மனசுக்குள் நுழைந்து ஆட்டுவிக்கிற வில்லன் இருந்தால்தான் காசை எடுப்பார்.

"அடிக்கிறவன் எதிர்ல வாறான், தெரியுது. மண்டைக்குள்ள வாறவன் எந்தக் கதவால வாறான்? அதச் சொல்லு பாப்பம்."

அவருடைய இங்கிலீசு 'ஷோர்ட்', 'மீடியம்' என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். அதனால் கதைகளைப் படத்தைப் பார்த்துத் தானே கட்டிக்கொண்டார். பெயர்களும் அவர் வைத்தவைதான். காளான் தலைக்காரன் குடைத் தலையன். கையுறையைக் கழற்றினால் எதிரியின் நினைவை உறிஞ்சிவிடுகிறவள் நீலக் கைக்காரி. சவரம் முடியும்வரை கதை ஓடும். கழுத்துக்குப் பவுடர் போடும்போது வில்லன் தப்பிவிடுவான். பிறகென்ன, தலைமயிர் வளரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

சலூனுக்குப் பின்பக்கம்தான் வீடு. மாக்ரெட் அங்கே மெஷினில் பாடசாலைச் சட்டைகள் தைக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் கலியாணம் முடித்துப் போன பிறகு, மெஷின் சத்தமும் கத்தரிக்கோல் சத்தமும்தான் அந்த வீட்டுப் பேச்சு. போன வருடக் கடைசியில் மெஷின் சத்தம் குறைந்தது. மாக்ரெட்டுக்குத் தலையிடி. மத்தியானமானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை ஒரு மணித்தியாலம் கேட்டது. கிளெமென்ற் பின்னேரங்களில் எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிட்டார். ஊரெல்லாம் அந்தக் கைக்காகக் காத்திருக்கிறது; சொந்தப் பெண்சாதியின் தலையிடிக்கு அந்தக் கை உதவவில்லை.

"ஊர்த் தலையெல்லாம் பிடிபடுது. வீட்டுத் தலைதான் பிடிபடுதில்ல" என்று வாங்கில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஜெபக் கூட்டத்துப் பிலோமினா அக்கா வந்தது அந்த நேரத்தில்தான். நல்ல மனுஷி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவள். மாக்ரெட்டின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். தலைமாட்டுக்கு நேர் கீழே நான்கு தகரம்.

"இதென்ன பிள்ள?"

"இவர்ட படப் புத்தகம் அக்கா."

ஒன்றைத் திறந்து பார்த்த பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டாள். "மனுசர்ட மனசப் பிடிக்கிற பிசாசுக் கூட்டத்துக்கு மேல தலைய வச்சிப் படுத்தா, நோகாம என்ன செய்யும்?"

"படத்தில இருக்கிறவன் பேப்பர விட்டு வெளிய வாறேல்ல அக்கா" என்றார் கிளெமென்ற்.

"அப்ப நீங்க ஏன் முன்னுக்குச் சலூன்ல அவன மாதிரியே ஆக்கள்ட நெத்தியப் பிடிச்சிக் கதை சொல்றீங்க?" என்று மாக்ரெட் படுத்தபடியே கேட்டாள்.

தகரங்களைக் கால்மாட்டுக்கு மாற்றினார். தலையிடி போகவில்லை. அலுமாரிக்கு மேல் ஏற்றினார். போகவில்லை. சலூனுக்குள் கொண்டுவந்து துவாய் அடுக்குகிற தட்டுக்குக் கீழே வைத்தார். அன்று இரண்டு மாத்திரை தேவைப்பட்டது. கூரை ஒன்றுதானே, எரித்தால்தான் தீரும் என்று பிலோமினா சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டத்தோடு வந்து ஜெபம் சொல்லி, முற்றத்தில் எரிப்பது என்று முடிவானது.

அவர் சண்டை போடவில்லை என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். தாஸிம் கதிரையில் இருந்தபடியே திரும்பிக் கேட்டார்: "மெய்யாவே பத்த வைக்கப் போறீங்களா? முப்பத்தஞ்சி வருசம் சேத்தது மனிசன்!"

"அவள்ட தலையிடி போகுமெண்டா எரியட்டும் நானா. போகாட்டி... போகாட்டி அதுக்குப் பிறகு எதச் செய்யிற எண்டுதான் எனக்குப் பயம்."

கிளெமென்ற் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பினார். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. இத்தனை வருடம் குடைத் தலையனோடு பழகியவர், அவனால் ஒன்றும் முடியாது என்று எப்படித் துணிந்து சொல்வார்?

வியாழக்கிழமை மத்தியானம் மாக்ரெட் ஒரு வேலை செய்தாள். வேதக்கார வீடுகளில் சிலுவைப் படமோ மாதா படமோ இருக்கும் தாளை நெருப்பில் போடமாட்டார்கள். இந்தப் புத்தகங்களில் எங்காவது கோயிலோ கல்லறையோ சிலுவையோடு இருந்தால்? பாவம் யார் தலையில்? ஆகவே ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டுவந்து, வெளிச்சத்துக்காகச் சலூன் வாசற்படியில் குந்தி, தாள் தாளாகப் புரட்டத் தொடங்கினாள்.

கிளெமென்ற் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். பார்க்க விருப்பமில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பிரியாவிடை அல்லவா? மாக்ரெட் புத்தகத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தாள். பிறகு கிட்ட இழுத்தாள். திரும்பத் தள்ளினாள். புருவம் இரண்டும் நெருங்கி முடிச்சு விழுந்தது. இடது கையின் இரண்டு விரல் தானாகவே நெற்றிப்பொட்டுக்குப் போனது.

கண்ணாடிக்குள் மாக்ரெட். கண்ணாடிக்குப் பக்கத்துச் சட்டத்துக்குள் குடைத் தலையன். அதே புருவம். அதே விரல்.

"மாக்ரெட், அசையாத. அப்பிடியே இரு."

"என்ன, பல்லியா?"

கத்தியை மடித்துவைத்துவிட்டு வந்து படியில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, சட்டத்துப் படத்தைக் காட்டினார். "இவன் ஏன் நெத்திய இப்பிடிச் சுருக்கிறான் தெரியுமா? எட்டாத ஒண்ட எட்டிப் பிடிக்கப் பாக்கிறான். நீ எத எட்டிப் பிடிக்கப் பாக்கிற?"

"சிலுவையத் தேடுறன்."

"தெரியுதா?"

மாக்ரெட் புத்தகத்தை மடியில் போட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரித்தான் கிடக்கு."

"எப்ப இருந்து?"

"சின்னவள்ட கலியாணத்துக்கு முதல்ல இருந்து. ஊசில நூல் கோக்க எதிர்வீட்டுப் பிள்ளையத்தான் கூப்பிடுறனான்."

"எனக்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்கதானே மண்டையப் பிடிச்சி மனசு வாசிக்கிறவர். வாசிப்பீங்க எண்டு இருந்தன்."

சலூன் கதவில் 'மூடியுள்ளது' என்ற அட்டை தொங்கியது. புறக்கோட்டைக்குப் போய், பஸ் மாறி, காலி வீதியால் வெள்ளவத்தைக்கு, தாஸிமின் கடைக்கு. தாஸிம் மாக்ரெட்டை இருத்தி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். முடிந்ததும் கிளெமென்றைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊர்ல உள்ள மனசெல்லாம் வாசிக்கிறீங்க. ஊட்டுக்குள்ள இந்தப் புள்ள ரெண்டு வருசமா எழுத்து வாசிக்க ஏலாம ஈக்கிறது வெளங்கல்லயா ஒங்களுக்கு?"

கிளெமென்ற் தலையைக் குனிந்துகொண்டார்.

மூக்குக்கண்ணாடி செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை முந்திக்கொண்டு வந்தது. பிலோமினா அக்கா ஆறு பேரோடும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடும் முற்றத்தில் நின்றாள். கிளெமென்ற் நான்கு தகரத்தையும் தானே சுமந்து வந்து வரிசையாக வைத்தார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று தள்ளி நின்றுகொண்டார். இனி மாக்ரெட்தான் சொல்லவேண்டும்.

மாக்ரெட் தகரத்தின் மேல் போய் அமர்ந்தாள். "நான் இன்னும் சிலுவை பாத்து முடியல்ல அக்கா. கண்ணாடி வந்தோண்ண பாத்திட்டுச் சொல்றன். அதுவரைக்கும் ஜெபத்த மட்டும் சொல்லுவம்."

ஜெபத்தைச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் வந்த வழியே திரும்பிப் போனது.

கண்ணாடி போட்டு இரண்டு கிழமைக்குள் மெஷின் பழையபடி ஓடத் தொடங்கியது. மாத்திரை அட்டை அலுமாரிக்குள் போனது. "கர்த்தர்தான் வழி காட்டினவர்" என்றாள் பிலோமினா.

"ஓம் அக்கா. காட்டினது குடைத் தலையன்ட படத்தில" என்றாள் மாக்ரெட். பிலோமினா அதற்கும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

சலூனில் இப்போதும் தலையைப் பிடித்த பிறகுதான் கத்தரிக்கோல். ஒரு மாற்றம் உண்டு. நெற்றிப்பொட்டில் விரல் வைத்ததும், "கண் பாத்தீங்களா கடைசியா?" என்று கேட்கிறார். தாஸிமின் கடைக்கு இப்படிப் போன தலைகள் கொஞ்சமல்ல.

பின்னேரம் வேலை ஓய்ந்ததும் மாக்ரெட் கண்ணாடியோடு வாசற்படிக்கு வந்துவிடுகிறாள். மடியில் புத்தகம். சிலுவை தேடுகிறாளாம். மூன்றாவது தகரம் நடக்கிறது. ஒரே புத்தகத்தை இரண்டு தரம் புரட்டியதையும் கிளெமென்ற் கண்டிருக்கிறார்.

"தேடி முடிஞ்சா எரிக்கிறதா, வைக்கிறதா?" என்று போன சனிக்கிழமை துவாயை உதறிக்கொண்டே கேட்டார்.

மாக்ரெட் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்து, கண்ணாடிக்கு மேலால் அவரை உறுத்துப் பார்த்தாள்.

கிளெமென்ற் துவாயைக் கொடியில் போட்டார். யாரோ ஆட்டுவிக்கிற மாதிரி உள்ளே போய், தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.