ஒரு கால் மட்டும் கழுவப்பட்ட பெரிய வியாழன்

உயிர்த்த ஞாயிறுக்கு ரொறன்ரோ வரப்போவதாகவும், வெள்ளைக்காரர் கூடும் தேவாலயம் ஒன்றில் ஆராதனை பார்க்க ஆசைப்படுவதாகவும் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். பதில் சொல்வதற்கு முன், தொண்ணூறுகளின் நடுவில் நான் போய்வந்த ஒரு சின்னப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். நகர நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து கிழக்கு விளிம்பிலுள்ள ரூஜ் வரை. முப்பது கிலோமீற்றர்கூட வராது.

எங்கள் தமிழ்ச் சபை அப்போது மிகச் சிறியது; யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கூடுவோம். ரூஜ் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் போதகர், இளம் வெள்ளைக்காரப் பெண், இயேசு சீடரின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஆராதனைக்கு எங்களை அழைத்தார். இனங்களுக்கிடையே ஒப்புரவு என்பதுதான் அன்றைய பொருள். தங்கள் சபையார் எங்கள் பாதங்களைக் கழுவுவார்கள் என்றார். எங்கள் ஆட்களில் பலருக்கு அன்று வேலை. நானும் பக்கத்து வீட்டு அருளண்ணையும்தான் போனோம். அண்ணை பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். மனைவி, மூன்று பிள்ளைகளோடு ஓர் அறை அப்பாட்மென்ற்.

மாலை நான்கரைக்கு சேர்போன் நிலையத்தில் சப்வே ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர். ட்ரான்ஸ்ஃபர் துண்டு எடுத்தால் பஸ்ஸுக்கு வேறு காசு வேண்டாம். கடைசி நிலையமான கென்னடியில் இறங்கி, கிங்ஸ்ரன் வீதி வழியாகப் போகும் பஸ்ஸில் ஐம்பது நிமிடம். ஏப்ரல் பிறந்தும் வீதியோரத்தில் பனி கறுத்துக் கிடந்தது. (சித்திரைதானே என்று சப்பாத்தில் வந்துவிடாதீர்கள், பூட்ஸ் போடுங்கள்.) அண்ணை நல்ல உற்சாகமாக இருந்தார். "பெரிய ஆக்கள் எங்கட காலைத் தொடப்போகினம் எண்டா எனக்குக் கூச்சமாக் கிடக்குது, தங்கச்சி," என்று சிரித்தார்.

போதகரின் பிரசங்கத்தில் பூச்சு இல்லை. "நாங்கள் தட்டுவதற்கு முன்பே எங்களுக்குக் கதவுகள் திறந்தன. அதை எங்கள் உழைப்பு என்று நினைத்துக்கொண்டோம். அது எங்கள் தோலுக்குக் கிடைத்த சலுகை," என்றார். சிலர் தலையைக் குனிந்தார்கள், சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்களை முன்வரிசைக் கதிரைகளில் இருத்தினார்கள்.

அண்ணைக்கு முன்னால் முழந்தாளிட்டவர் கோர்டன் என்ற சபை மூப்பர். அறுபது வயது தாண்டியவர், மூட்டுவலியோடு மெல்ல இறங்கினார். வலது காலைக் கழுவித் துடைத்தார். "மற்றக் காலையும் தாருங்கள்," என்று நிமிர்ந்தார்.

அந்த முகத்தை அப்போதுதான் நேராகக் கண்ட அண்ணை காலை இழுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஜனவரியில் உங்கள் வீட்டுப் பேஸ்மென்றை வாடகைக்குப் பார்க்க வந்தேன். போனில் கேட்டபோது இருக்கிறது என்றீர்கள். வாசலில் எங்களைக் கண்டதும் போய்விட்டது என்றீர்கள். விளம்பரம் அதற்குப் பிறகும் இரண்டு கிழமை பேப்பரில் வந்தது."

கோர்டனின் முகம் சிவந்தது. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்: "நீங்கள் கிறிஸ்தவர் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"என்னோடு வந்தவன் சிவநேசன். என்னோடு வேலை செய்கிறவன். நெற்றியில் திருநீறு பூசியிருந்தான். அவனும் வீடு தேடுகிறான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது," என்றார் அண்ணை.

கோர்டன் துவாயைப் பிடித்தபடியே இருந்தார். பின்னால் பாடகர் குழுவின் பாட்டு நிற்கவில்லை. அண்ணை சொக்ஸை மாட்டிக்கொண்டு எழும்பினார். என் காலைக் கழுவ வந்த பெண் துவாயோடு விலகி வழிவிட்டார். "அண்ணை, நில்லுங்கோ, நானும் வாறன்," என்று பின்னால் ஓடினேன்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் போதகர் கோட்டுகூடப் போடாமல் எங்களைப் பிடித்துவிட்டார். அழுதார். "நான் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்," என்று கேட்டார். அண்ணை சொன்னார்: "நீங்கள் பேசவேண்டியது என்னோடு இல்லை, அவரோடு."

பஸ்ஸுக்காக நெடுநேரம் நின்றோம். ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று. அண்ணை திடீரென்று சொன்னார்: "தண்ணி நல்ல இளஞ்சூடு, தங்கச்சி. அந்த மனுசன் விரலுக்கு இடையெல்லாம் கவனமாத் துடைச்சவர். அதுதான் தாங்கேலாமக் கிடக்குது." பஸ் வந்தபோது அவர் கண்ணைத் துடைத்ததை நான் காணாததுபோல ஏறினேன்.

அந்தக் கோடையில் கோர்டன் அண்ணைக்குப் போன் எடுத்தார். பேஸ்மென்ற் காலியாகிவிட்டது, உங்களுக்குத் தருகிறேன் என்றார். வீட்டில் அண்ணி ஓம் சொல்லச் சொன்னா. அண்ணையோ, "சிவநேசனுக்குக் கொடுங்கள்," என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறிக் கோர்டன் போனை வைத்தார். பிறகு அவர் போன் எடுக்கவேயில்லை. அண்ணை குடும்பம் இன்னொரு குளிர்காலமும் அந்த ஓர் அறையிலேயே நெருக்குப்பட்டது. அண்ணி கனநாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போதகரை அடுத்த வருடம் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வாசகிக்கு: போங்கள். கென்னடியிலிருந்து இன்றும் அந்தப் பக்கம் பஸ் போகிறது. இருட்டிய பிறகு வரத்துக் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்துவையுங்கள். வாசலில் கைகொடுப்பார்கள், கோப்பி தருவார்கள். கால் கழுவ அழைத்தால் உட்காருங்கள். அந்த அன்பு நடிப்பில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனால் அது அந்த மண்டபத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

போன வருடம் அருளண்ணையிடம் கேட்டேன், கோர்டனை மன்னித்துவிட்டீர்களா என்று.

"நான் எப்பவோ ரெடி, தங்கச்சி," என்றார். "அவர் வீடுதான் தாறன் எண்டவர். மன்னிப்புக் கேக்கேல்லை."