சொல்லாமல் இருந்த ஒரு மணி நேரம்

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் ஒரு கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பதற்கு முன் நாரணாபுரத்தில் இரண்டு வருடம் பட்டாசு வேலை பார்த்தவள்.

ஒரு கார்த்திகை மாதம், சீசன் உச்சத்தில் இருந்த நேரம். காலை பத்து மணிக்கு ஒரு மெயில் வந்தது. விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். மெயில் அவர் பெயரில் இருந்தது. காலண்டர் டிசைனில் திருத்தம் அனுப்பியிருப்பதாக எழுதி ஒரு ஃபைலை இணைத்திருந்தார்கள். மெயில் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. எதுவும் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதேதான். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியாவது சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு எல்லா கம்ப்யூட்டர்களும் நின்றன. திரையில் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். டிசைன்களின் நகலை வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கையும் எப்போதும் செருகியே வைத்திருப்போம். அதுவும் போயிருந்தது.

முதலாளி வந்து நின்றார். நானே சொன்னேன்.

"எப்பம்மா தெரிஞ்சது?"

"பத்து மணிக்கே அண்ணாச்சி."

"இம்புட்டு நேரம் ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

அவர் மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்க்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மதியம் பழுது பார்க்க வந்த தம்பி, "தெரிஞ்ச உடனே நெட் ஒயரப் பிடுங்கியிருந்தீகன்னா இந்த ஒண்ணோட நின்னிருக்கும்கா" என்றான்.

பட்டாசு அறையில் சின்னப் பொறி பறந்தாலும் முதலில் கத்த வேண்டும், யார் தப்பு என்பதெல்லாம் பிறகு. அது தெரிந்த நான்தான் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலாளி பணம் கட்டவில்லை. போலீசில் புகார் கொடுத்தார். போன வருடக் காலண்டர்களை வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கி, மூன்று வாரம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தோம். பாயின் ஆர்டர் மட்டும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. "புதுக் கடைத் திறப்பு நாளுக்கு வேணும்லம்மா, தப்பா நினைக்காதீக" என்று எனக்கே போன் செய்து சொன்னார். அவர் திரும்பி வரவில்லை.

இப்போது ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. இணைப்போடு மெயில் வந்தால், அனுப்பியவருக்குப் போன் செய்து கேட்ட பிறகே திறக்கிறோம். நகலுக்கு இரண்டு டிஸ்க். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம், ஒன்று முதலாளி வீட்டில் இருக்கும். சந்தேகம் வந்தால் உடனே சொல்லுங்கள், யாரையும் திட்ட மாட்டேன் என்று முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

போன மாதம் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து நின்றாள். "அக்கா, எதையோ தொட்டுட்டேன் போல." ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். சோதித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. அரை நாள் வேலை போனது. முதலாளி அவளிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.