கீழ்க்கம்பியின் வயிறு

இன்று காலை ஆரணிக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் இரும்புக் கூரையைப் பார்க்கப் போனேன். சிவப்பு ப்ரைமர் வாசனை மூக்கில் ஏறியதும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வந்த எஞ்சினியரம்மா ஏன் இப்படி உலாத்துகிறாள் என்று மேஸ்திரி பார்த்தார். நானோ நினைவில் எங்கள் ஊர் முள்ளிப்பட்டில், அப்பா புதிதாகப் போட்ட தறிக்கொட்டகையில் இருந்தேன்.

அப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் என்ற திமிர் எனக்கு. இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்ன!

சேலையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு நேர் மேலே உத்திரத்தில் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். தடித்த மரம், எங்கே கட்டினாலும் தாங்கும். கொட்டகைக்கோ மெல்லிய இரும்புக் கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த ட்ரஸ். அப்பா, நெய்பவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியைத் தோண்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். நேர் மேலே, இரண்டு இணைப்புகளுக்கு நடுவில், கீழ்க்கம்பியின் வயிறு.

"இங்கதான் கட்டணும்."

"வேணாம்பா, வளைஞ்சிடும்."

"குழி தோண்டினப்புறம் வந்து பேஜார் பண்ணிகினு..."

கூரை சரிந்தால் பெட்டியோடு அப்பாவின் தலையும்தான். தரையில் சாக்பீஸால் ட்ரஸ்ஸை வரைந்தேன். சுவரோர இணைப்பில் தெரியாத விசைகள் இரண்டே. அவற்றைக் கண்டுபிடித்து அடுத்த இணைப்பு, அதற்கடுத்தது என்று இழுவையும் அழுத்தமும் எழுதிக்கொண்டே போனேன். பெட்டி வரவேண்டிய இடத்தில் கை நின்றது. பாரம் இணைப்பில் இறங்கினால்தான் அந்தக் கணக்கு நகரும்.

"முடிச்சில கட்டினா மட்டும் பொட்டி கனம் கொறைஞ்சிடுமா?" என்றார் அப்பா, இணைப்பைக் காட்டி.

தேர்வில் யாரும் இதைக் கேட்டதில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக் கொடுத்தேன்.

"ரெண்டு முனையும் புடிச்சி இழுப்பா."

இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"முடிச்சில கட்டினா கம்பிய இப்டி இழுக்கும், அவ்ளோதான். இப்ப நடுவுல அழுத்து."

படக்கென்று ஒடிந்தது.

"அப்பனும் பொண்ணும் என் தொடப்பத்த காலி பண்ணிடுவீங்க போலக்கீதே!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா கடப்பாரையை எடுத்தார். இரண்டு முழம் தள்ளி, இணைப்புக்கு நேர் கீழே புதுக்குழி வெட்டத் தொடங்கினார்.

அந்தக் கொட்டகை கைமாறி, இடிபட்டு, வீடாகிவிட்டது. சாக்பீஸ் கணக்கும் போயிற்று. மண்டபக் கூரையின் விசைகளையெல்லாம் கம்ப்யூட்டரே நொடியில் சொல்லிவிடுகிறது. ஒரு கம்பியை மாற்றச் சொன்னேன்.

"சரிங்க மேடம்" என்றார் மேஸ்திரி.

ஏன் என்று கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வெல்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.