பச்சை ஏறிய கைகள்

போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகும் பெண்களில் சிலருக்கு மணிக்கட்டு வரை பச்சையாக இருக்கும். அது ஏன் என்று எனக்குத் தெரியும். என் அம்மா ஒரு ஏலக்காய்க் கடையில் அந்த வேலைதான் பார்த்தாள். வெளிறிப்போன காயைச் சாயத் தொட்டியில் அமுக்கி எடுத்துக் காயவைத்து, புதுக் காய் என்று விற்றான் அந்தக் கடைக்காரன். எந்த வீட்டுப் பிள்ளை அதைப் பாயசத்தில் தின்றால் அவனுக்கென்ன? அவன் விரல் நுனிகூட அந்தத் தண்ணீரில் பட்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது கல்லூரியில் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். என் படிப்பே அம்மாவின் கூலியில்தான் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "நாளைக்கு ஆபிசருக சோதனைக்கு வாராகளாம். கையில பச்சை இருந்தா வேலைக்கே வராதீகன்னுட்டாக. எலுமிச்சம்பழத்தத் தேச்சா போயிருமாம்."

அம்மாவைத் தவிர எங்கள் தெருவில் அந்தக் கடைக்குப் போகும் பெண்கள் ஏழு பேர். எல்லோரும் குழாயடியில் உட்கார்ந்து, பித்தளைக் குடம் விளக்குவதுபோல எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள். தோல் எரிந்ததே தவிர, பச்சை அசையவில்லை.

அய்யோ, புளிப்பைப் போட்டால் எப்படிப் போகும்? அந்த வாரம்தான் லேபில் செய்திருந்தோம். கலர் போட்ட மிட்டாயைக் கரைத்து, துளி ஆசிட் விட்டு, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைத்தால் சாயம் நூலில் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் அலசினாலும் போகாது. சோடா மாதிரிக் காரத்தில் போட்டால்தான் விடும். கம்பளியும் புரதம், தோலும் புரதம். புளிப்புப் பட்டால் சாயம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

ஓடிப்போய் சலவைச் சோடா வாங்கிவந்து வெந்நீரில் கொஞ்சமாகக் கரைத்தேன். ஒவ்வொருத்தர் கையாக முக்கித் தேய்க்க, தண்ணீர் பச்சையாகி, கை மெல்ல வெளுத்தது. "படிச்ச புள்ளைன்னா இப்பிடில்ல இருக்கணும்!" என்று ஒரு அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம்த்தா. கலக்கச் சொன்னது அவுக. மறைக்கிறது மட்டும் நாமளா?"

"வேலை போயிரும்மா!" என்று கத்தினேன். அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சோற்றுத் தூக்கோடு நான் கடைக்குப் போனபோது இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். தொட்டி காய்ந்து கிடந்தது. கடைக்காரன் பெண்களை வரிசையாக நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லியிருந்தான். "நல்லாப் பாருங்க சார். சாயம் போட்டிருந்தா இவுக கையில ஒட்டியிருக்காதா?"

அந்தத் திருடனுக்குச் சாட்சியைக் கழுவிக் கொடுத்தவள் நான்.

வரிசைக் கடைசியில் அம்மா பச்சைக் கையை விரித்தாள். அவன் கூசாமல் சொன்னான், "அது மருதாணி சார்."

"மருதாணி எந்த ஊர்ல சார் பச்சையாப் பிடிக்கும்?" என்றாள் அம்மா. எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் முன்னால் கையை நீட்டினாள். "அவுக கலக்கச் சொன்னாக, நாங்க கலக்குனோம். என் கைய எழுதுறப்ப, அவுக சொன்னதையும் எழுதிக்கிடுங்க."

அதிகாரி மற்ற பெண்களைப் பார்த்து, "நீங்களும் சொல்லுங்கம்மா" என்றார். மற்றவர்கள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டார்கள். கன்னம் வழித்த அத்தை தன் வெளுத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடையை யாரும் மூடவில்லை. ஒரு மாதம் கழித்து அதே அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையும் பச்சை.

"அந்தச் சோடாவ எம்புட்டுப் போடணும், ஆத்தா?" என்று கேட்டாள்.