கார்து என்று சொல்லிப் போன ஞாயிறுகள்

எங்கள் வீடு சொல்தா வீடு. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். மாமனார் சொல்தா, என் வீட்டுக்காரர் சொல்தா, என் பிள்ளையும் சொல்தா. முதல் இரண்டு பேரும் வயதாகி, கட்டிலில் படுத்துத்தான் போனார்கள். பிள்ளை மட்டும் எங்கோ ஒரு மணல் தேசத்தில், ரோட்டில் புதைத்து வைத்திருந்த வெடிமேல் ஏறி, வண்டியோடு போனான். பெட்டிமேல் மூவர்ணக் கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் என் முன்னால் நின்று சலாம் வைத்தார். நான் அழவில்லை. அத்தனை பேர் எதிரில் எதற்கு அழுவது?

பாரிசில், லா ஷப்பேலில் நான் இருப்பது நாலாவது மாடி. ஜன்னலுக்கு நேரே மெத்ரோ ரயில் இரும்புப் பாலத்தின்மேல் போகும். உள்ளே இருக்கிற முகங்கள்கூடத் தெரியும். ஒரு முகமாவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சுவரில் இரண்டு படம், வீட்டுக்காரருடையதும் பிள்ளையுடையதும். வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைத்து, கீழே கடையில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் போடுவேன். படத்தில் இருப்பவனிடம் பேசுவேனா என்றால், அதுவும் இல்லை. அவன் சாமி மாதிரி ஆகிவிட்டான். சாமியிடம் என்ன பேசுவது? விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

அவனோடு பட்டாளத்தில் இருந்தவன் ஒருவன், தடியன், வடக்கே பிக்கார்தி பக்கத்துக் கிராமத்தான். வருடா வருடம் கோடை தொடங்கும்போது போன் பண்ணுவான். அவன் ஊரில் ஸ்டாக் கார் பந்தயம் நடக்குமாம். பழைய கார்களை ஓட்டி ஒன்றோடொன்று மோதவிடுகிற பந்தயம். அதில் ஒரு நாளைச் செத்துப்போன சிப்பாய்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்களாம். வாருங்கள் மதாம் என்பான். நான் போகமாட்டேன். என் பிள்ளைக்கு அரசாங்கம் கொடியோடும் ஊதுகுழலோடும் மரியாதை பண்ணியாகிவிட்டது. ஓட்டைக் கார்களை முட்டவிடுகிறதில் என்ன மரியாதை இருக்கிறது?

போன வருடம் அவன் போன் பண்ணவில்லை. நேரிலேயே வந்துவிட்டான். லிப்ட் பழுதாகிக் கிடந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினான். டீ கொடுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தான். "அந்தப் படத்தைப் போனில் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். பிடித்துக்கொள் என்றேன். ஏறி வந்தவனிடம் இந்தத் தடவையும் வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ரயிலில் போய், இறங்கி, அங்கேயிருந்து பஸ் பிடித்துப் போக என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. கீழே பூவிலிருந்து ஆட்டுக்கறிவரை விற்கிற கடைக்காரத் தம்பி யாழ்ப்பாணத்து ஆள். தன் வேனில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கடையை மனைவி பார்த்துக்கொண்டாள்.

வழியெல்லாம் பேச்சுத்தான். "என்னம்மா இது, உடைக்கிறதுக்கெண்டே ஓட்டுறாங்களோ? என்ரை வேனிலை ஒரு கீறல் விழுந்தாலே எனக்கு மூண்டு நாள் நித்திரை வராது."

"எனக்கென்ன தெரியும் தம்பி? போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"கோவிக்காதேங்கோ. இவங்களுக்குக் காசும் கூடிப்போச்சு, காரும் கூடிப்போச்சு."

போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் கோதுமை வயல். நடுவில் வட்டமாக ஒரு மண் ஓடுதளம். ஒரு டேங்கர் வண்டி தண்ணீர் அடித்து அதைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் புகையும் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசனையும் கலந்து அடித்தது. ஓரமாகக் கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் கண்ணாடி இல்லை. கதவுகளைத் திறக்க முடியாதபடி பற்றவைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத்தான் உள்ளே ஏறவேண்டும். ஒவ்வொரு காரின் மூக்கிலும் ஒரு சிப்பாயின் முகம். நாலாவதோ ஐந்தாவதோ, என் பிள்ளையின் முகம்.

வீட்டுச் சுவரில் இருக்கிற அதே படம். பெரிதாக்கி, பிளாஸ்டிக் பலகையில் அச்சடித்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். இடிபடப் போகிற இடம் அதுதான். 

தடியன் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "எப்படி இருக்கு மதாம்?" என்று கேட்டான்.

"கழட்டு" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. என் பிரெஞ்சு கடைக்கும் தபால் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும். அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு எப்படியோ சொன்னேன்: "என் பிள்ளை வண்டியிலே செத்தான். அவன் முகத்தை மறுபடி வண்டியிலே வச்சு இடிக்க நான் விடமாட்டேன். கழட்டு."

அவன் திருப்புளியை எடுத்துவந்து மண்டிபோட்டு, நாலு ஆணியையும் கழற்றி, பலகையைத் தன் சட்டையால் துடைத்து என் கையில் கொடுத்தான். நான் சால்வையில் சுற்றிக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முன்னால் மரியாதைச் சுற்று. கார்கள் மெதுவாக, சவ ஊர்வலம் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒலிபெருக்கியில் ஒரு பேரைச் சொல்வார்கள். உடனே கூட்டம் முழுவதும் ஒரே குரலில், பிரான்சுக்காக இறந்தான், என்று சொல்லும். அந்தச் சிப்பாயின் வீட்டார் எழுந்து நிற்பார்கள். சனங்கள் காரில் இருக்கிற முகத்தையும் வீட்டாரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். என் பிள்ளை பேர் வந்தது. நான் எழுந்து நின்றேன். காரின் மூக்கு மொட்டையாக இருந்தது, நாலு ஓட்டை மட்டும். சனங்கள் அதைப் பார்த்தார்கள், என்னைத் தேடினார்கள், அதற்குள் அடுத்த பேர் வந்துவிட்டது. நான் உட்கார்ந்தேன். முகம் என் மடியில், சால்வைக்குள், பத்திரமாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரி, என் வயசுதான் இருக்கும். அவள் பிள்ளையின் முகம் சிவப்புக் காரின் மூக்கில் இருந்தது. பந்தயம் தொடங்கியதுதான் தாமதம், அவள் எழுந்துவிட்டாள். சிவப்புக் கார் போய் ஒன்றை முட்டியது. "அப்படித்தான்! போ, போ, என் ராசா!" என்று கத்துகிறாள். இன்னொன்று வந்து சிவப்புக் காரின் மூக்கிலேயே இடித்தது. அவள் பிள்ளை முகம் நசுங்கி மடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ தொடையைத் தட்டிச் சிரிக்கிறாள். "பார்த்தியா, எருமை! இடது பக்கம் பாரு! சின்னப் பிள்ளையிலிருந்து இவன் இடது பக்கம் பார்க்கவே மாட்டான்!" என்று என்னிடம் முறையிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாடுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.  என் மடியில் இருந்தவனுக்கு இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை.

முதல் ஓட்டம் முடிந்து, கடைசி ஓட்டத்துக்கு முன்னால் கார்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த இடைவெளி விட்டார்கள். அந்தத் தம்பியும் நானும் இறங்கிப் போனோம். தடியன் ஓட்டிய நம் கார் எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவில் சேற்றுக்கு அடியில் ஏதோ எழுத்துத் தெரிந்தது. சால்வை நுனியால் துடைத்தேன். பிரெஞ்சு எழுத்தில் எனக்குப் படிக்க வருவது என் பேரும் என் பிள்ளை பேரும் மெத்ரோ நிலையங்களின் பேரும்தான். அவன் பேர்தான் அது. பெயிண்ட் பழசு, துரு ஏறியிருந்தது. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பின்னால் கொண்டுபோய் முழுப்பேருக்கும் அடிக்கோடு போட்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் கீழே தபால் பெட்டியில் வீட்டுப் பேரை அவன்தான் எழுதி ஒட்டினான். அதிலும் இதே வால்தான். தினமும் இறங்கும்போதும் ஏறும்போதும் பார்க்கிறேன்.

"இது யார் எழுதினது?" என்று தடியனைக் கேட்டேன்.

சுத்தியலோடு அப்படியே நின்றான். "அவன்தான் மதாம். கார் அவனுடையது. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எப்ப ஓட்டினான்?"

"முகாமில் இருக்கிறப்ப. ஞாயிற்றுக்கிழமைகளில்."

ஞாயிற்றுக்கிழமைகளில். முகாமிலிருந்து பாரிசுக்கு வர அவனுக்கு இரண்டு மணி நேரம். சனிக்கிழமையே நான் கறி வாங்கிவைப்பேன். ஞாயிறு காலையில் போன் வரும்: "அம்மா, இன்னிக்கும் கார்து. வரமுடியாது." கார்து என்றால் முகாமில் காவல் முறை. என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்களுக்குப் பழகிய சொல்தான். காவல் நிற்கிற பிள்ளையைக் குறை சொல்லமுடியுமா? பாவம் என்று நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகவும் சொல்வேன், என் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு இல்லை என்று.

"ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கார்து" என்றேன்.

தடியன் என் முகத்தைப் பார்த்தான். பிடரியைத் தேய்த்தான். "ஆமாம் மதாம், கார்துதான்" என்றான். செத்தவனுக்காக இன்னும் பொய்க்குக் காவல் நிற்கிறான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  அப்புறம் சால்வையைப் பிரித்தேன்.

"மூக்கிலே வேணாம்" என்றேன். "உள்ளே வை. உன் பக்கத்திலே."

ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டை எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். அங்கே போகிற இரும்புக் கம்பியில் பலகையை நிறுத்தி, நாலு ஓட்டையிலும் கம்பி கோர்த்து முறுக்கினான். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநருக்கு முன்னால் சாமி படம் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த உயரத்தில். பந்தய அதிகாரி ஒருவர் வந்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைக்காரத் தம்பி வேனுக்கு ஓடிப்போய் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துவந்தார். "வாகனம் வெளிக்கிடுது. தேசிக்காய் வைக்காமல் விடேலாது" என்று முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒண்டும் விளங்கேல்லையம்மா. வாகனம் இடிபடக் கூடாதெண்டு வைக்கிறது இது. இவங்கள் இடிபடத்தானே போறாங்கள். இப்ப நான் சாமியிட்டை என்னெண்டு கேக்கிறது?"

"ஒண்ணும் கேக்காதே. வச்சாச்சு, எழுந்திரு."

தடியன் ஜன்னல் வழியாக உடம்பைத் திணித்து ஏறினான். கார் கிளம்பியது. பழம் இரண்டும் நசுங்கிச் சேற்றில் கலந்தன.

நான் மேலே ஏறவில்லை. வேலியோரமாக நின்றேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு பச்சைக் கார் பின்னாலிருந்து வந்து இவர்களை முட்டித் தள்ளியது. கார் பம்பரமாகச் சுற்றி என் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி இல்லாத அந்த வெளியில் ஹெல்மெட் போட்ட தடியனும், பக்கத்தில் என் பிள்ளையும். சேறு தெறித்து ஒரு கண்ணை மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். படத்தில் அவன் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். சுவரில் இருக்கும்போது எனக்கு அது தெரிந்ததில்லை.



"அடப்பாவி! கார்துன்னு சொன்னியேடா! கறி வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனேடா! ஒரு ஞாயித்துக்கிழமையா, ரெண்டு ஞாயித்துக்கிழமையா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன தலையையா வாங்கியிருப்பேன்?"

கார் உறுமிக்கொண்டு திரும்பிப் போனது. நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "போ, போ! வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்!" அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். வீட்டில் கூப்பிடுகிற பேர், ஒலிபெருக்கிக்குத் தெரியாத பேர். பச்சைக் கார் மறுபடி குறுக்கே வந்தது. "இடிடா அவனை! பார்த்துக்கிட்டு நிக்கிறியே, இடி!" இடித்தார்கள். சத்தம் காதை அடைத்தது. சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். புரிந்ததோ இல்லையோ, மேலேயிருந்து அந்தச் சிவப்புக் கார்க்காரி எனக்குக் கை தட்டினாள்.

ஜெயிக்கவெல்லாம் இல்லை. ரேடியேட்டர் உடைந்து, ஆவி கிளம்பி, ஓடுதளத்தின் நடுவிலேயே நின்றுபோனது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். தடியன் கம்பியை அறுத்துப் பலகையைக் கொடுத்தான். ஒரு மூலை பிளந்திருந்தது. துடைக்கப் போனான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கடைக்காரத் தம்பி ரேடியோ போடவில்லை. பாரிசை நெருங்கி, சென் தெனி தாண்டும்போது மெதுவாக, "மகன் நல்ல கள்ளன் போலை" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். குரல் வரவில்லை.

லிப்ட் இன்னும் பழுதுதான். பலகையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். சுவரில் மாட்டவில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவன் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கிறான். இதைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்தேன். சேறு காய்ந்து மேசைக்கு அடியில் உதிர்ந்தது. மெத்ரோ போனது. அது போய் முடிகிறவரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்ட இன்னும் பாக்கி இருந்தது, தொண்டைதான் இல்லை.

மறுநாள் கடைக்கு இறங்கினேன். "என்னம்மா, குரல் இப்பிடி அடைச்சுக் கிடக்கு? தடிமனோ?" என்று கடைக்காரத் தம்பியின் மனைவி கேட்டாள்.

அவர் வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து, "தடிமனும் இல்லை, ஒண்டும் இல்லை. மகனுக்கு நல்ல ஏச்சு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை, மறுநாள் ஞாயிறும் இல்லை. இருந்தாலும் அரைக் கிலோ ஆட்டுக்கறி போடச் சொன்னேன்.