'ஆம்' என்ற தூணுக்குள்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளில் வேலை செய்யும் பெண்களிடம் முதுகலை ஆய்வுக்காக நான் முதலில் கேட்ட கேள்வி எளிமையானது: வேலையிடத்தில் குடிநீர் கிடைக்கிறதா? எல்லோரும் 'ஆம்' என்றார்கள். கணினி அந்த விடைகளை நிமிர்ந்த நீலத் தூணாக வரைந்து தந்தது. என் பேராசிரியை தூணைப் பார்த்துவிட்டு, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டது, எப்படிக் கிடைக்கிறது என்று தெரியவில்லையே என்றார். முன்னதை அளவுசார் ஆய்வு சொல்லும். பின்னதற்குப் பண்புசார் ஆய்வு வேண்டும். அதற்குப் படிவம் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேட்க வேண்டும். பட்டிமன்றங்களில் பரிசு வாங்கிய எனக்கு இது ஒரு பொருட்டா என்ற பெருமிதத்தோடு கழனிக்குத் திரும்பினேன்.

நடவு முடிந்து வரப்பில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி சொன்னார்: "தண்ணிக்கு இன்னா கொற கீது பாப்பா? கயனிக்காரரு வூட்ல சொம்பு எங்க மேல படாம ஒசத்திப் புடிச்சி ஊத்துவாங்க, கைய ஏந்திக்கினு குடிப்போம். என் ஜாக்கெட்டு பாதி குடிச்சிட்டு மீதிய எனக்கு வுடும்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குள் ஒத்திகை தொடங்கிவிட்டது: இந்த வரியை மேடையில் எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது.

ஆய்வு முடிவை அந்தந்த ஊரிலேயே வாசிப்பது எங்கள் துறையின் வழக்கம். அவருடைய பெயரை நீக்கினேன். வயதையும் தெருவையும் நீக்கினேன். இனி அவரை எவரும் அறியமாட்டார்கள் என்று நம்பினேன். வாசிக்கும் நாளில் சமுதாயக் கூடத்து வாசலில் அவர் என் கையைப் பிடித்தார்.

"மைக்கக் கண்டா நீ வுடமாட்டியாமே. அந்த ஜாக்கெட்டு பேச்ச மட்டும் எட்த்துடு பாப்பா. அது என் பேச்சுன்னு ஊருக்கே தெரியும். நாளைக்கி கயனிக்கி என்னக் கூப்புடமாட்டாங்க."

அப்போதுதான் அச்சம் என்னைப் பற்றியது. நீலத் தூணுக்குள் இருந்தவரை அவரை எவருக்கும் தெரியாது. நான் வெளியே அழைத்து வந்த ஒற்றைக் குரலுக்கோ முகம் இருந்தது, வீடு இருந்தது, நாளைய கூலி இருந்தது.

முன்வரிசையில் அந்தக் கழனியின் உரிமையாளர் அமர்ந்திருந்தார். வாசிக்கத் தொடங்கினேன். அந்த வரி வந்தது, தாண்டினேன். கையேந்திக் குடிக்கும் நீரையும் நம் கணக்கு 'ஆம்' என்றே எண்ணுகிறது என்று மட்டும் சொல்லி இறங்கினேன். கைதட்டல் எழவில்லை.

கூட்டம் கலைகையில் உரிமையாளர் புன்னகையோடு நெருங்கினார்.

"நல்லா பேசினேம்மா. கையில ஊத்தறாங்கன்னு சொன்னது யாரு? நம்ம கயனிக்கி வர்றவளா?"

அவருக்குப் பின்னால், கதவோரம், அந்தப் பெண்மணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் போகாதே என்று என் கண்களுக்குக் கட்டளையிட்டேன்.

"பல பேர் சொன்னாங்க, ஐயா."

சொன்னவர் ஒருவரே. நான் இளக்காரமாக எண்ணிய எண்ணிக்கைக்குப் பின்னால்தான் அவரை ஒளித்துவைக்க முடிந்தது.

"பல பேரா?" என்ற உரிமையாளர், வெளியேறிக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை என் பேருந்து அந்தக் கழனியைக் கடந்தது. குனிந்திருந்த முதுகுகளில் அவருடையது எது என்று தேடினேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. என்னால் எண்ணத்தான் முடிந்தது.