றெஜினாவின் வானில் எரிந்த மஞ்சள் விளக்கு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் றெஜினாவின் கோபத்தை வான் ஹோர்னிலேயே கண்டுபிடித்துவிடலாம். சுருக்கமாக அடித்தால் பிள்ளை ஆறுதலாக வரலாம். நீட்டி அடித்தால் சப்பாத்து நாடா கட்டாமலே ஓடிவர வேண்டும். நாற்பத்தெட்டு வயது, கட்டை உருவம். காலையில் பதினாறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் இறக்கி, மத்தியானம் திரும்ப வீடுகளில் கொண்டுவந்து விடுகிறவள். வெள்ளை டொல்பின் வான். பத்து வருடமாக அவளே ஓட்டுகிறாள். பொம்பிளை வான் ஓட்டுவதா என்று அப்போது மூக்கைச் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அவளுடைய முன் சீற்றுக்கு அடிபடுகிறார்கள்.

அவள் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்பு, கோயில் பெருநாளுக்கு முந்தின கிழமை, அவளுடைய கணவன் கிறிஸ்ரோபர் தனியே கடலுக்குப் போனான். எஞ்சின் நின்றது. நங்கூரம் போட்டான். நங்கூரக் கயிறு அறுந்தது. நாலு நாள் காற்று இழுத்த பக்கமெல்லாம் போய், ஐந்தாம் நாள் வேறு ஊர்ப் படகுக்காரர் கண்டு கட்டியிழுத்து வந்தபோது அவனால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. உயிர் மிஞ்சியது. துணிவு மிஞ்சவில்லை. அன்றிலிருந்து முற்றத்து வேம்பின் கீழ் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கிறான். படகை விற்று வான் வாங்கினார்கள். அந்தக் கயிற்றைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

இந்த வருடம் ஆடி மாத நடுவில், ஒரு நாள் காலை, வானின் மீற்றருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. எஞ்சினுக்குள் ஓடும் பல்லு வைத்த ரப்பர்ப் பட்டியான ரைமிங் பெல்ற்றை மாற்றும் காலம் வந்தால் எரிகிற விளக்கு அது. இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எரியும். றெஜினா பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனாள். ரவுனில் கராஜ் வைத்திருக்கும் செந்தூரன் உடுப்பிட்டிப் பெடியன், வாயைவிடக் கையால் கூடுதலாக வேலை செய்கிறவன்.

"மாத்தோணும் அக்கா," என்றான். "உது சொல்லிப்போட்டு அறாது. ஓடிக்கொண்டிருக்கேக்கை அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலையே நிண்டிடும். உள்ளுக்கை வால்வெல்லாம் அடிபட்டு வளைஞ்சிடும். பிள்ளையளோடை நடு றோட்டிலை நிண்டால் பின்னாலை வாற பஸ்காரன் பாத்துக்கொண்டோ வருவான்?"

சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். அவனிடம் ஏற்கெனவே நாலு வாகனம் நின்றது. ஆவணி பன்னிரண்டாம் திகதி விட்டால் மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னான். வினை அந்த மூன்று நாளில்தான் இருந்தது. பதின்மூன்றாம் திகதி விடிய மடுமாதா கோயிலுக்குப் பயணம்.

மடுப் பெருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் றெஜினாவின் வான்தான். அவளுடைய அண்ணை சிமியோனின் குடும்பமும் அயலவருமாகப் பத்தொன்பது பேர். கூரையில் அரிசி, சமைக்கிற பெரிய கிடாரம், பாய், விறகு. இந்த முறை சிமியோனின் பேத்திக்காக அந்தக் கிடாரத்தில் சோறாக்கிக் கொடுக்கும் நேர்த்திக்கடனும் இருந்தது. விளக்குக் கதை கேள்விப்பட்டதும் சிமியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிமியோனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரையில் கயிற்றுக்கு அவர்தான் நீதவான். நாற்பது வருடத் தொழில். ஒரு கயிற்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கிப் பார்த்து, இது இத்தனை மாதம் தாங்கும் என்றால், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அந்தக் கையோடு வானின் முன் சீற்றைத் தூக்கினார். எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு, பெல்ற்றைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினார்.

"நல்ல இறுக்கம்," என்றார். "நார் ஒண்டும் எழும்பேல்லை. இது இன்னும் ரெண்டு மடுவுக்குத் தாங்கும். பெருநாள் முடியட்டும், மாத்துவம்."

"அண்ணை, உது கயிறில்லை. பிடிச்சுப் பாத்துத் தெரியாது எண்டு செந்தூரன் சொல்லுறான்."

"உவன் கராஜ்காரன். மாத்து எண்டுதான் சொல்லுவான்."

பொம்பிளை ஒருத்தி தன் வானைப் பற்றி வாய் திறந்தால் ஊரிலுள்ள ஆம்பிளைகள் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள். ஐஸ் லொறி ஓட்டும் நீக்கிலாப்பிள்ளை, இருபது வருடமாகத் தன் லொறிக்குப் பெல்ற் மாற்றியதே இல்லை என்று கைதட்டிச் சிரித்தார். அந்த லொறியின் எஞ்சினில் ரைமிங் பெல்ற்றே கிடையாது, இரும்புப் பல்லுச் சில்லுத்தான் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. சிமியோனின் பெண்சாதி அற்புதராணி, "மாதாவிட்டைப் போற வானுக்கு என்ன வரப்போகுது, மச்சாள்?" என்று கேட்டாள். றெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதா பெல்ற் மாற்றித் தருவாவா என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் திகதி கராஜில் விடுவதுதான் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதையில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்த சிமியோன், தானாகவே வான் திறப்பைக் கேட்டு வாங்கி, கதவைத் திறந்து உள்ளும் வெளியும் கழுவினார். சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று றெஜினா தேத்தண்ணி கொடுத்தாள். திங்கட்கிழமை வானை ஸ்ராட் பண்ணினால் மஞ்சள் விளக்கு இல்லை. செவ்வாயும் இல்லை. அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஏதோ வயர்ப் பிழையில் எரிந்திருக்கிறது என்று நினைத்தாள். செந்தூரனுக்கு ரெலிபோன் எடுத்து, சாமான் எடுப்பிக்க வேண்டாம் என்று சொன்னாள். அதன்பிறகு பத்து நாள் பதினாறு பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். இந்தப் பத்து நாளுக்காகத்தான் அவள் இன்னும் தன்னையே மன்னிக்கவில்லை.

பன்னிரண்டாம் திகதி பின்னேரம், பயணத்துக்கு முன் ஒயில் பார்க்கக் கராஜுக்குப் போனபோது செந்தூரன் கேட்டான். "விளக்கு என்னண்டு நிண்டது அக்கா?"

"தானா நிண்டிட்டுது."

"தானா நிக்காது." அவன் குனிந்து மீற்றர்க் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடி. அது சரியாகப் பொருந்தாமல் விளிம்பு வெளியே நின்றது. "இதைக் கழட்டிப்போட்டு மெல்லிய கம்பியாலை உள்ளுக்கை அமத்தினால் விளக்கு நிண்டிடும். பெல்ற் மாத்தினாப் பிறகு நாங்கள் செய்யிறது. ஆரோ மாத்தாமலே அமத்தியிருக்கினம்."

திறப்பை வாங்கியவர் ஒரே ஒருவர்தான். றெஜினா ஒயில் பார்க்காமலே வானைத் திருப்பிக்கொண்டு நேரே அண்ணையின் வீட்டுக்குப் போனாள்.

சிமியோன் தன் வாசலில் கிடாரத்துக்கு அடியில் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை. "ஓம், நான்தான் அமத்தினனான். நீக்கிலாப்பிள்ளை காட்டித் தந்தவன். விளக்கைப் பாத்துப் பாத்து நீ பயந்துபோனாய். பயத்தோடை ஓடினால்தான் விபத்து வரும்."

"எரியிற வீட்டிலை அபாய மணியை நிப்பாட்டினமாதிரி," என்றாள் றெஜினா. "நாளைக்கு வான் மடுவுக்கு வராது."

"பத்தொன்பது பேர் சாமான் கட்டியாச்சு."

"அவிழுங்கோ."

செந்தூரன் இரவோடிரவாகச் சொல்லி எடுப்பித்த புதுப் பெல்ற் விடியுமுன் கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வான் கராஜில் ஏறியது. பாதிப்பேர் பஸ்ஸில் நெரிபட்டுப் போனார்கள். மிச்சப்பேர் வீட்டில் இருந்து அவளைத் திட்டினார்கள். கிடாரம் பஸ்ஸில் ஏறாததால் சிமியோன் வீட்டில் யாரும் போகவில்லை. பேத்தியின் நேர்த்தி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அற்புதராணி வேலிக்கு மேலால் கேட்கத்தக்கதாக, வானை வைத்துக்கொண்டு ஊரை ஆட்டுகிறாள் என்றாள். பதில் சொன்னால் வேலி மிஞ்சாது என்று றெஜினாவுக்கே தெரியும்.

பெருநாள் முடிந்த மறுநாள் வான் வீட்டுக்கு வந்தது. செந்தூரன் பழைய பெல்ற்றை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். அதில் ஒரு பிளவும் இல்லை. பல்லொன்றும் உடையவில்லை. அவனே ஒளிக்காமல் சொன்னான். "பாக்க நல்லாத்தான் கிடக்கு அக்கா. இன்னும் பத்தாயிரம் ஓடியிருக்கலாம், நாளைக்கே அறுந்தும் இருக்கலாம். தெரியாதபடியால்தான் மாத்துறது."

கதை அரை மணித்தியாலத்தில் சிமியோன் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் வந்தார். முற்றத்தில் நின்று பெல்ற்றைக் கையில் எடுத்தார். பெருவிரல், சுட்டுவிரல். முறுக்கினார். வளைத்தார். கிறிஸ்ரோபர் வேம்பின் கீழ் வலையோடு இருந்தான்.

"பார்," என்றார் சிமியோன். "ஒண்டும் இல்லை. நான் சொன்னதுதானே. இதுக்கோ பேத்தியின்ரை நேர்த்தியைக் கெடுத்தனி?"

பதினொரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை றெஜினா அப்போது வெளியே விட்டாள். சத்தம் போடவில்லை.

"அண்ணை, அண்டைக்கு இந்த முற்றத்திலை நிண்டு நங்கூரக் கயிறையும் உப்பிடித்தான் பிடிச்சுப் பாத்தனீங்கள். தாங்கும் எண்டு சொன்னனீங்கள்."

வலை பொத்திய கை நின்றது. சிமியோன் பெல்ற்றைக் கீழே வைத்தார். கிறிஸ்ரோபரைப் பார்க்கவில்லை.

"கை பிழையாச் சொல்லேல்லை, றெஜினா. கயிறு அண்டைக்குக் கையிலை இத்துப்போய் மெத்தெண்டுதான் இருந்தது. எனக்குத் தெரிஞ்சது. புதுசு எடுக்க நாளாகும். இவன் தொழிலுக்குப் போகாட்டில் பெருநாள் காசில்லாமல் பழுதாப்போம் எண்டு நினைச்சனான். பெருநாள் முடியட்டும், மாத்துவம் எண்டு இருந்திட்டன்."

அவர் தெரியாமல் பிழை விட்டார் என்றுதான் றெஜினா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது. இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் அதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. கிறிஸ்ரோபர் எழும்பி, வலையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக்குள் போனான். சிமியோன் வேலிப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் தொடங்கிய நாள், றெஜினா வழக்கம்போல அண்ணையின் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். நீட்டியும் இல்லை, சுருக்கமும் இல்லை. எப்போதும் அற்புதராணி கொண்டுவந்து விடும் பேத்தியைச் சிமியோனே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளையை ஏற்றிக் கதவைச் சாத்தினார். பிறகு முன் யன்னல் பக்கம் வந்து, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மீற்றரைப் பார்த்தார்.

"விளக்கு எரியுதோ?"

"இல்லை."

"எரிஞ்சால் சொல்லு."

றெஜினா கியரைப் போட்டாள். "சொல்லமாட்டன், அண்ணை. மாத்திப்போடுவன்."